பிள்ளைகளின் லீவு, ஊரின் பொறுப்பு

முழுப்பரீட்சையின் கடைசி நாள் மாலை எந்தப் பள்ளி வாசலில் நின்றாலும் ஒரே காட்சிதான். வெள்ளைச் சட்டையெல்லாம் நீல மைத்துளிகள். பரீட்சை அட்டையால் ஒருவர் தலையில் ஒருவர் தட்டிக்கொண்டு, லீவு விட்டாச்சு என்று கத்திக்கொண்டே பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருக்கும் அம்மாவின் மனதில் வேறு கணக்கு ஓடுகிறது. நாளையிலிருந்து பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? பாட்டி வீட்டில் எத்தனை நாள் விடலாம்? ஆபீஸில் எத்தனை நாள் லீவு கேட்கலாம்?

இந்தக் கணக்கு எந்த ஒரு வீட்டிலும் தனியாகச் சரிக்கட்டி வராது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள் என்றும், 6 முதல் 8 வரை 220 நாள் என்றும் வகுத்திருக்கிறது. அந்த அளவின்படி பார்த்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆண்டில் 145 நாள் பள்ளி இல்லை. ஆலையில் வேலை பார்க்கும் தகப்பனுக்கோ 20 நாள் உழைத்தால்தான் சம்பளத்தோடு 1 நாள் விடுப்பு. சித்தாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு அதுவும் கிடையாது. போகாத நாளுக்குக் கூலி இல்லை. பிள்ளையின் லீவும் பெற்றவர்களின் லீவும் இவ்வளவு தூரத்தில் இருக்கும்போது, "குடும்பத்தோடு சந்தோஷமாக நேரம் செலவிடுங்கள்" என்று ஆண்டுதோறும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமாகாது. வீடு செய்ய வேண்டியது உண்டு. தெருவும் ஊராட்சியும் பள்ளியும் நூலகமும் வேலை கொடுப்பவர்களும் செய்ய வேண்டியதும் உண்டு. எல்லாரும் கைகொடுத்தால்தான் ஒரு பிள்ளைக்கு முழு விடுமுறை கிடைக்கும்.

முதலில் வீடு. விடுமுறை என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று மனம் ஓடுவது இயல்பு. ஊட்டி மலர்க் கண்காட்சி 1896-லிருந்து நடந்துவருகிறது. அதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் குற்றமில்லை. ஆனால் மலைப்பாதை தாங்காத அளவுக்கு வண்டிகள் ஏறியதால்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. மே மாதம் முழுவதும் தமிழ்நாடே அந்த இரண்டு மலைகளுக்கும் போக முடியாது. போகவும் தேவையில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேண்டியது ஒருநாள் பயணம், அதுவும் தாங்களே திட்டம் போட்ட பயணம்.

பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு நோட்டையும், இவ்வளவுதான் செலவு என்று ஒரு தொகையையும் கொடுத்துப் பாருங்கள். எந்த பஸ், எத்தனை மணிக்கு, யாருக்கு அரை டிக்கெட், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொள்வதா வெளியில் சாப்பிடுவதா என்று அது எழுதத் தொடங்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதைப் பெரியவர்களுக்கு அதுவே சொல்லும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கும் அரசுப் பேருந்தில் டிக்கெட் இல்லை. ஆக அம்மாவும் அத்தையும் பாட்டியும் சேர்ந்து நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக, ஒரு சினிமாவுக்கு ஆகிற செலவில் பாதிகூட ஆகாது.

எங்கே போவது? மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கீழடி இருக்கிறது. மதுரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் பகடைக்காய்களும் ஆட்டக்காய்களும் சுடுமண் வட்டச் சில்லுகளும் இருக்கிற கண்ணாடிப் பெட்டி. வைகைக் கரையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் யாரோ ஒருத்தி விளையாடிவிட்டுப் போட்ட சில்லு. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தாயம் விளையாடிப் பாருங்கள். எந்தப் பாடப்புத்தகமும் செய்யாததை அந்த ஒருநாள் செய்யும். சென்னையில் 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. கோவையில் 1902-லிருந்து காஸ் வன அருங்காட்சியகம், ஸ்ரீரங்கம் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, மதுரையில் காந்தி அருங்காட்சியகம். ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி ஏதோ ஒன்று, உள்ளூர்க்காரர்களே அதிகம் போகாமல் இருக்கிறது.

அக்கினி நட்சத்திரத்தில் உச்சிவெயில் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விட முடியாது. பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை வீட்டுக்குள்தான். செல்போன் வீட்டைப் பிடித்துக்கொள்கிற நேரமும் அதுதான். செல்போனைப் பிடுங்குவதால் மட்டும் அந்த நேரம் நிறைந்துவிடாது. பதிலுக்கு ஒரு பெரியவர் கூட உட்கார வேண்டும். புளியங்கொட்டையை எடுத்துத் திண்ணையிலோ சிமென்ட் தரையிலோ ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சுடும்; விரலை உதறிக்கொண்டு மறுபடி தேய்ப்பார்கள். ஆறு கொட்டை தேய்த்தால் தாயத்துக்குக் காய் தயார். சாக்பீஸில் கட்டம் போடுவதும், மலை எங்கே, வெட்டு எப்படி என்று சண்டை போட்டுக்கொள்வதும் ஆட்டத்தில் சேர்த்திதான். பல்லாங்குழியில் 14 குழிகளில் முத்துகளை எண்ணிப் போடுகிற பிள்ளைக்குக் கணக்கு தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் மாடியில் வடகம் பிழிவதும், அதற்குக் காவல் இருந்து காக்காய் விரட்டுவதும், காவலுக்குக் கூலியாக அரைக்காய்ச்சல் வடகத்தைத் தின்பதும் கோடைக்கே உரியவை. அதற்குத் தாத்தா பாட்டி கூட இருந்தால் நல்லது. இல்லாத வீட்டில் அடுத்த வீட்டுத் தாத்தா பாட்டி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் லீவு என்பது பையனுக்கு மைதானமாகவும் பெண்ணுக்கு அடுக்களையாகவும் பிரிந்துபோகிறது. பன்னிரண்டு வயதுப் பெண் பாத்திரம் துலக்கி, தம்பியைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பிடித்து வைக்கிறாள். அவள் வயதுப் பையன் பொழுது சாய வீடு திரும்புகிறான். வேலையை இருவருக்கும் பிரித்துக் கொடுங்கள், விளையாட்டையும் இருவருக்கும் பிரித்துக் கொடுங்கள். தெருவில் பெண் பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடும்படி மாலையில் பெரியவர்கள் நாலு பேர் நாற்காலி போட்டு வெளியே உட்கார வேண்டும். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

இனி, மிகவும் கவலைப்பட வேண்டிய விஷயம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம்வரை செய்தித்தாளைப் புரட்டினால், கிணற்றில், கல்குவாரியில், ஆற்றில், பண்ணைக்குட்டையில் மூழ்கிய பிள்ளைகளின் செய்தி இல்லாத வாரம் அரிது. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. சொந்த ஊருக்கு லீவுக்கு வந்த நகரத்துப் பிள்ளை, நீச்சல் தெரியாமல், ஆழம் தெரியாமல் இறங்குகிறது. மணல் அள்ளிய பள்ளம் ஆற்றுக்குள் எங்கே இருக்கிறதென்று உள்ளூர்க்காரர்களுக்கே தெரிவதில்லை. ஒருவர் மூழ்க, காப்பாற்றப் போன அக்கா மூழ்க, அக்காவைப் பிடிக்கப் போன சித்தியும் மூழ்க, ஒரே வீட்டில் மூன்று பேர் போய்விடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் இறப்புக்குரிய காரணங்களில் இது மூன்றாம் இடத்தில் இருக்கிறது.

இது விதி இல்லை, தடுக்கக்கூடியது. மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது. மூச்சு வாங்கவே வாய் போதாத நிலையில் சத்தம் எழும்பாது. அதனால் கரையில் இருக்கிற பெரியவர் செல்போனைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூழ்குகிறவரைக் காப்பாற்ற நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. வாய் இறுக மூடிய காலி பிளாஸ்டிக் கேனை எறியலாம், சேலையை நீட்டலாம், கயிறோ கம்போ நீட்டலாம். கரையேற்றிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அமுக்கி, அதே நேரம் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை ஊருக்கு இருபது பேருக்காவது செய்துகாட்டிக் கற்றுக்கொடுக்கத் தீயணைப்புத் துறையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் ஊராட்சி அழைக்கலாம்.

நீச்சல் கற்றுக்கொடுப்பது நம் ஊர்களில் மாமாக்களின் வேலையாக இருந்தது. இடுப்பில் சுரைக்குடுக்கையையோ டயர் டியூபையோ கட்டி, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, படியிலிருந்து ஒவ்வொருவராக இறக்குவார்கள். கிணறுகள் வற்றின, மாமாக்கள் வேலை தேடி வெளியூர் போனார்கள், அந்தப் பாடம் விட்டுப்போனது. இப்போது மாவட்டத் தலைநகரங்களில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்களில் கோடைப் பயிற்சி நடக்கிறது. அது போதாது, தூரமும் அதிகம். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு நல்ல குளத்தையோ கிணற்றையோ தேர்ந்தெடுத்து, ஆழம் குறித்து, கயிறு கட்டி, நீச்சல் தெரிந்த இரண்டு பேரைக் கூலி கொடுத்துக் காலை இரண்டு மணி நேரம் நிறுத்தினால், ஒரு கோடையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலோர் மிதக்கக் கற்றுவிடுவார்கள். மற்ற நீர்நிலைகளில் எச்சரிக்கைப் பலகை, கைவிடப்பட்ட குவாரிக்கு வேலி. வேலி போடும் பொறுப்பிலிருந்து குத்தகைக்கு எடுத்தவர்கள் தப்பிவிடாமல் பார்த்துக்கொள்வது ஊரின் வேலை.

நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க முடியாது. அவர்களுக்கு என்ன செய்வது என்பதற்குப் பங்களாதேஷ் ஒரு வழி காட்டியது. அங்கே கிராமங்களில் 'ஆஞ்சல்' என்ற பெயரில் குழந்தைகள் காப்பகங்கள் நடக்கின்றன. அம்மாக்கள் வேலையில் மூழ்கியிருக்கிற காலை 9 முதல் மதியம் 1 மணிவரை, உள்ளூர்ப் பெண் ஒருவர் தன் வீட்டிலேயே அக்கம்பக்கத்துக் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். பாட்டு, விளையாட்டு எல்லாம் உண்டு. அதனால் அந்தப் பகுதிகளில் நீரில் மூழ்கி இறக்கும் குழந்தைகள் பெருமளவு குறைந்தார்கள். விளையாட ஒரு இடமும் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் இருந்தாலே உயிர் காக்கப்படுகிறது. நம்மிடம் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பு தன் அண்டைக் குழுக்களோடு 'பாலசபா' என்று பிள்ளைகளுக்கும் மன்றங்களை நடத்திவருகிறது. இங்கும் முடியும்.

உணவையும் மறந்துவிடக் கூடாது. 1956-ல் காமராஜர் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்து, 2022-ல் காலை உணவும் சேர்ந்த திட்டம் பள்ளி நாட்களோடு நின்றுவிடுகிறது. லீவு விட்ட மறுநாள் காலையில் சில வீடுகளில் பிள்ளைக்குக் கிடைத்துவந்த இரண்டு வேளைச் சாப்பாடும் முட்டையும் இல்லாமல் போகின்றன. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டது. அந்த அக்கறையை வறட்சி அறிவிக்காத ஊர்களுக்கும் அரசு நீட்ட வேண்டும். பள்ளி வளாகத்தில் காலையில் விளையாட்டு, மதியம் சாப்பாடு என்று சேர்த்தால் சமையல் கூடமும் சும்மா கிடக்காது. அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு அந்த நாட்களுக்குரிய ஊதியம் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

விடுமுறை சில பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிடுகிறது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் ஒத்தாசை செய்யலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அப்பாவின் கடையில் ஒரு மணி நேரம் நிற்பது வேறு, அந்த வாசல் வழியாகப் பட்டறைக்கும் செங்கல் சூளைக்கும் போவது வேறு. ஜூனில் திரும்பி வராத பிள்ளைகளின் பெயர் ஆசிரியர்களுக்குத் தெரியும். இப்படி வேலைக்குப் போகும் பிள்ளை கண்ணில் பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

இடத்துக்கு வருவோம். எந்த ஊரிலும் பெரிய மைதானம், நிழல் தரும் மரம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கிற இடம் அரசுப் பள்ளி. பிள்ளைகளுக்கு நேரம் அதிகமாக இருக்கிற அந்த மாதத்தில்தான் அதன் கதவு பூட்டிக் கிடக்கிறது. தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு ஜன்னல் உடைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தை அவர் ஒருவர் தலையில் சுமத்தாமல் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊராட்சியும் பங்கிட்டுக்கொண்டால் கதவு திறக்கும். காலை 6 முதல் 10, மாலை 4 முதல் 7. முன்னாள் மாணவர்களும் அதே நேரத்தில் லீவில் இருக்கிற கல்லூரிப் பிள்ளைகளும் முறைபோட்டு நிற்கலாம். தேவாலயங்களில் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. பத்து நாள் பாட்டு, கைவேலை, நாடகம் எல்லாவற்றையும் அந்தந்த ஊர் இளைஞர்களே சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். சாதியும் மதமும் பார்க்காமல் அதே உழைப்பை ஊர் முழுவதற்கும் கொடுக்க முடியும்.

நூலகம் நமக்கு ஏற்கெனவே சொந்தம். 1948-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது நம் மாநிலம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்கும் முன்னால் 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். தொடங்கி வைத்தவர் சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். மாட்டு வண்டி போன இடத்துக்கு ஒரு ஆட்டோ போகாதா? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூலகத்திலும் இருக்கிற குழந்தைகள் பகுதியைப் போலக் கிளை நூலகத்தில் ஒரு மூலை ஒதுக்கி, பாய் விரித்து, 'துளிர்' போன்ற இதழ்களைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்து, வாரம் ஒருநாள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கதை சொல்லக் கூப்பிட்டால் போதும். பாட்டும் நடனமும் ஓவியமும் சொல்லித்தரும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயதுக்காரர்களுக்காகவே இருக்கின்றன. பக்கத்தில் ஒன்று இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

வேலை கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மே மாதத்தில் பெற்றோருக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுங்கள், இரண்டு நாள் விடுப்பைச் சேர்த்துக் கொடுங்கள். அந்த இரண்டு நாளில் தகப்பன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போவார், அல்லது எங்கேயும் போகாமல் கூட உட்கார்ந்து பட்டம் ஒட்டுவார்.

இதையெல்லாம் பேச நமக்கு ஒரு மேடை ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னால் வருகிறது. மே 1 விடுமுறைக்குள்ளேயே வருகிறது. மார்ச் கூட்டத்தில் குளத்தைத் தேர்ந்தெடுத்து, நீச்சலுக்கு இரண்டு ஆளையும் கயிறு, டியூபுக்குப் பணத்தையும் ஒதுக்கித் தீர்மானம் போடலாம். மே கூட்டத்தில் அது நடக்கிறதா என்று பிள்ளைகளையே எழுந்து பேசச் சொல்லலாம். நகரத்தில் வார்டு கவுன்சிலரிடமும் குடியிருப்போர் சங்கத்திலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். பள்ளி மைதானம் எத்தனை மணிக்குத் திறக்கும், யார் நிற்பார்கள், சாவி யார் வீட்டில் இருக்கும் என்பதைப் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்திருக்க வேண்டும்.